பேச்சு போன பெரியவரின் விருப்பத்தைக் கேட்டறிவது எப்படி: வீட்டில் தொடங்கி வங்கி, பத்திரப் பதிவு வரை

பக்கவாதம் வந்து பேச்சு போன ஒருவர் வீட்டில் இருந்தால் அடுத்த சில வாரங்களில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். எந்தப் பிள்ளை வீட்டில் வைத்துக்கொள்வது, நகை யாரிடம் இருப்பது, நிலத்தைக் குத்தகைக்கு விடுவதா, மூக்கில் குழாய் போடுவதா என்று எல்லாவற்றையும் அவருடைய கட்டிலைச் சுற்றி நின்றே பேசுவார்கள். அவரிடம் மட்டும் கேட்க மாட்டார்கள். "அவங்களுக்கு என்ன புரியப் போகுது" என்று ஒரு பெரியப்பா சொன்னால் போதும், பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

எங்கள் அம்மாவுக்கு மூளையின் இடது பக்கம் ரத்தக்குழாய் அடைத்ததில் வலது கையும் காலும் பேச்சும் ஒன்றாகப் போயின. புரிதல் பெருமளவு இருந்தது. அதைக் கண்டுபிடிப்பதும், அவர் விருப்பத்தை உறவினர், வங்கி, ஆஸ்பத்திரி என்று எல்லோரையும் ஏற்க வைப்பதும் எங்களுக்குப் பெரும்பாடாக இருந்தது. எதை முதலில் செய்வது, எந்தக் காகிதம் எங்கே வேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். தமிழ்நாட்டில் இதே நிலையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். கீழே உள்ள வரிசை முக்கியம், மாற்றாமல் செய்யுங்கள்.

1. காது, கண், பல்

கேட்டதற்குப் பதில் வரவில்லை என்றால் மூளையைச் சந்தேகிப்பதற்கு முன் காதைப் பாருங்கள். எழுபது தாண்டியவர்களில் நிறையப் பேருக்குக் காது மந்தமாகியிருக்கும். பக்கவாதத்துக்கு முன்பே அப்படித்தான் இருந்திருக்கும், நாம் கவனித்திருக்க மாட்டோம். அரசு மருத்துவமனைக் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காதைச் சுத்தம் செய்து, கேட்கும் திறன் பரிசோதனையும் எடுத்துவிடுங்கள். இந்த அறிக்கை பின்னால் ஊனச் சான்றிதழுக்கும் உதவும். அசலை ஃபைலில் வைத்துவிட்டு ஜெராக்ஸை மட்டும் கொடுத்துப் பழகுங்கள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கழற்றிய கண்ணாடியும் பல்செட்டும் ஏதோ ஒரு பைக்குள் கிடக்கும். தேடி எடுத்து, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு மாட்டிவிடுங்கள். கண்ணாடி இல்லாமல் படத்தைக் காட்டி "அவருக்குத் தெரியலை" என்று முடிவு கட்டிய வீடுகள் உண்டு.

2. எந்த வகைச் சிக்கல் என்று எழுதி வாங்குங்கள்

பேச்சு வராததில் பல வகை உண்டு. வெளியிலிருந்து பார்க்க எல்லாம் ஒன்றுபோல் இருக்கும், உதவும் முறை மட்டும் முற்றிலும் வேறு.

முதலாவது அஃபேசியா. சொல்ல நினைப்பது மனதில் இருக்கும், சொல் அகப்படாது. ஒரு சொல்லைத் தேடும்போது வேறொன்று வந்து விழும். சிலருக்குக் கேட்பதைப் புரிந்துகொள்வதும் கொஞ்சம் குறையும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவது, பழகிய சாமி பாட்டு, கோபத்தில் வரும் வசவு ஆகியவை மட்டும் சரளமாக வரும். இதைப் பார்த்துவிட்டு "பேச முடியுது, வேணும்னே பேச மாட்டேங்கறாங்க" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தன்னால் வரும் பேச்சு வேறு, யோசித்துச் சொல்லும் பேச்சு வேறு.

இரண்டாவது, நாக்கும் உதடும் தொண்டையும் தளர்ந்து பேச்சு குழறுவது. பார்க்கின்சன் நோயிலும் சிலவகைப் பக்கவாதத்திலும் இப்படி ஆகும். இதில் மொழி கெடுவதில்லை, ஒலிதான் கெடுகிறது. மூன்றாவது மறதி நோய். அதைப் பற்றி ஐந்தாவது பகுதியில் சொல்கிறேன்.

ஏன் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன் என்றால், எல்லோரும் முதலில் கடையில் அ, ஆ அட்டை வாங்கிவந்து நீட்டுகிறார்கள். குழறல் உள்ளவருக்கு அது கைகொடுக்கும். முதலில் மெய்யெழுத்து வரிசை, பிறகு உயிரெழுத்து வரிசை என்று இரண்டு தொடுதலில் எந்த எழுத்தையும் காட்டிவிடலாம், 247 எழுத்தையும் அட்டையில் நெருக்கிப் போட வேண்டியதில்லை. அஃபேசியா உள்ளவரிடம் இதே அட்டை பெரும்பாலும் பலிக்காது. பேச்சோடு எழுத்துக் கூட்டும் திறனும் போயிருக்கும். அவரிடம் தினமும் அந்த அட்டையை நீட்டுவது அவமானப்படுத்துவதற்குச் சமம்.

எனவே ஸ்பீச் தெரபிஸ்ட் (பேச்சுப் பயிற்சி நிபுணர்) ஒருவரிடம் முறையாக மதிப்பீடு செய்து அறிக்கை வாங்குங்கள். இந்திய மறுவாழ்வு கழகத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று கேட்பதில் தயங்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவோடு சேர்ந்தே இவர்கள் இருப்பார்கள். சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. மேற்கு மாவட்டக்காரர்கள் மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனத்துக்கும் போகிறார்கள். தனியாரிடம் எங்கள் ஊரில் ஓர் அமர்வுக்கு ஐந்நூறிலிருந்து ஆயிரம் ரூபாய் வரை கேட்டார்கள். வீட்டுக்கு வந்தால் கூடும். முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும் என்பதால் "உடம்பு தேறட்டும், அப்புறம் பார்ப்போம்" என்று தள்ளிப் போடாதீர்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் கை, கால் பயிற்சிக்கு வீட்டுக்கே ஆள் வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும். பேச்சுப் பயிற்சிக்கு நாம்தான் தனியாக அலைய வேண்டும்.

அறிக்கையில் இரண்டு வரி அவசியம் இருக்கட்டும் என்று கேளுங்கள். ஒன்று, புரிதல் எந்த அளவுக்கு இருக்கிறது என்பது. இன்னொன்று, எந்த வழியில் பதில் சொல்கிறார் (தலையசைப்பா, படம் தொடுவதா, கட்டை விரலா) என்பது. பின்னால் வங்கி மேலாளரும் சார்பதிவாளரும் கேட்கும் பாதிக் கேள்விக்கு இந்த இரண்டு வரிதான் பதில்.

3. ஆமாம், இல்லை: இதை உறுதி செய்யாமல் எதையும் கேட்காதீர்கள்

எல்லாவற்றுக்கும் அடித்தளம் இதுதான். சிக்கலும் இங்கேதான் அதிகம்.

அஃபேசியாவில் "ஆமா" என்று சொல்ல நினைத்தவர் வாயில் "இல்ல" என்று வரலாம். தலையும் மாறி ஆடலாம். போதாக்குறைக்கு நம் ஊர்த் தலையாட்டல் ஒன்று இருக்கிறது. பக்கவாட்டில் லேசாக ஆட்டினால் அது சரி என்பதா, பார்க்கலாம் என்பதா, நீ சொல்வது காதில் விழுந்தது என்பதா என்று பேசத் தெரிந்தவர்களிடமே குழப்பம். அதனால் தலையாட்டலை நம்பி எந்தப் பெரிய முடிவுக்கும் போகாதீர்கள். கட்டை விரல் மேலே என்றால் ஆமாம், கீழே என்றால் இல்லை என்று பழக்குங்கள். விரல் சரியாக நிற்கவில்லை என்றால் பச்சை அட்டையில் சரிக்குறி, சிவப்பு அட்டையில் பெருக்கல் குறி போட்டு இரண்டையும் அவர் நல்ல கைப் பக்கம் வையுங்கள். வலப்பக்கம் பாதித்தவர்களில் சிலருக்கு வலப்பக்கம் இருப்பதே கண்ணில் படாது, இதை மறக்க வேண்டாம்.

பிறகு சோதியுங்கள். விடை நமக்குத் தெரிந்த கேள்விகளாக முதலில் கேளுங்கள். "உங்க பேரு சரோஜாவா?" "இது நம்ம வீடா?" "நான் உங்க தங்கச்சியா?" ஆமாமும் இல்லையும் கலந்து வரும்படி ஏழெட்டுக் கேள்வி. எல்லாம் சரியாக வந்தால் அன்றைக்கு அவருடைய ஆமாம்–இல்லையை நம்பலாம். இரண்டு மூன்று தவறினால் அன்றைக்கு முக்கியமான எதையும் கேட்காதீர்கள். அடுத்த நாள் காலை பாருங்கள். காலைப் பலகாரம் முடிந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் எங்கள் அம்மாவுக்கு நல்ல நேரம். மாலையில் களைப்பில் எல்லாம் குழம்பிவிடும்.

கேட்கும் விதத்திலும் சில ஒழுங்கு வேண்டும்.

எதிர்மறையாகக் கேட்காதீர்கள். "சாப்பாடு வேண்டாமா?" என்றால் அதற்கு வரும் "ஆமா"வை எப்படி எடுத்துக்கொள்வது? "சாப்பாடு வேணுமா?" என்றே கேளுங்கள். ஒரு கேள்வியில் ஒரு விஷயம்தான். "தம்பி வீட்டுக்குப் போறியா, இல்ல இங்கயே இருக்கியா, அக்கா வரச் சொல்றாளே" என்று மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டால் பதில் எதற்கு என்று யாருக்கும் தெரியாது. டிவியை நிறுத்துங்கள். ஒருவர் மட்டும் பேசுங்கள். கத்த வேண்டாம், காது கேட்டால் சாதாரணக் குரலே போதும். கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். இது சொல்ல எளிது, செய்வது கஷ்டம். நாலாவது எண்ணிலேயே இன்னொரு கேள்வி நம் வாயில் வந்து நிற்கும். அடக்கிக்கொள்ளுங்கள், பதில் பெரும்பாலும் ஏழு எட்டில் வரும்.

குழந்தையிடம் கொஞ்சுவது போல் பேசாதீர்கள். நாற்பது வருடம் குடும்பம் நடத்தியவர் அவர்.

4. சொந்தப் படப் பலகை: செலவு முந்நூறு ரூபாய்க்குள்

இணையத்தில் கிடைக்கும் ஆங்கிலப் படப் பலகையில் பர்கரும் ஷவரும் இருக்கும். அதை அச்செடுத்துப் பயனில்லை. உங்கள் போனை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றுங்கள். அவர் குடிக்கும் அந்த எவர்சில்வர் டம்ளர், அவர் தலையணை, வாசல் திண்ணை, கழிப்பறைக் கதவு, பூஜை அலமாரி, மாத்திரை டப்பா, மின்விசிறி, அவர் உடுத்தும் புடவை, பிள்ளைகள் ஒவ்வொருவரின் முகம், டாக்டர், பால்காரர். எல்லாம் அவருக்குப் பழகிய பொருளாக, பழகிய முகமாக இருக்கட்டும். ஒரு பக்கத்துக்கு நாலிலிருந்து ஆறு படம், அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றின் கீழும் பெரிய தமிழ் எழுத்தில் பெயர். வண்ண அச்சும் லேமினேஷனும் சேர்த்து எங்கள் ஊர்க் கடையில் பக்கத்துக்கு நாற்பது ஐம்பது ரூபாய் ஆகும். ஆறு பக்கம் போதும்.

மூன்று பக்கம் கட்டாயம் வேண்டும். உடம்பின் படம் ஒன்று, எங்கே வலி என்று தொட்டுக் காட்ட. முகங்கள் ஒன்று, வலி எவ்வளவு என்று சொல்ல. மூன்றாவது "வேறு விஷயம்" என்ற ஒரே படம் உள்ள பக்கம். நீங்கள் கேட்கும் எதுவும் இல்லை, நான் சொல்ல வருவது வேறு என்று சொல்ல ஒரு வழி இல்லாமல் எத்தனை பலகை செய்தாலும் அது நம் பேச்சாகவே இருக்கும்.

இதற்கு ஓர் உதாரணம். எங்கள் அம்மா "பால், பால்" என்று நாள் முழுவதும் சொல்வார். சூடாக, ஆற்றி, சர்க்கரை போட்டு, போடாமல் என்று எல்லா விதத்திலும் கொடுத்தாயிற்று. கண்ணில் தண்ணீரோடு தட்டிவிடுவார். பலகை வந்த பிறகு ஒரு காலையில் "வேறு விஷயம்" பக்கத்தைத் தொட்டார். பிறகு பால்காரர் படத்தைத் தொட்டார். பிறகு கையால் பணம் எண்ணுவது போல் காட்டினார். அவர் படுத்ததிலிருந்து பால் கணக்கு தீர்க்காமல் கிடந்தது. பால்காரரைக் கூப்பிட்டு அம்மா கையாலேயே பணத்தைக் கொடுக்க வைத்தோம். அதன் பிறகு அந்தச் சொல்லை அவர் சொல்லவில்லை.

டேப்லெட் இருந்தால் சென்னையில் உருவான ஆவாஸ் போன்ற செயலிகளில் தமிழிலேயே படத்தைத் தொட்டால் குரல் வரும். பெரும்பாலும் குழந்தைகளை மனதில் வைத்துச் செய்தவை, சந்தாவும் உண்டு. காகிதப் பலகை பழகி, ஸ்பீச் தெரபிஸ்டும் சரி என்ற பிறகு வாங்கிக்கொள்ளலாம். முதலிலேயே பணத்தைப் போடாதீர்கள்.

5. பெரிய முடிவைக் கேட்கும் முறை

காபியா டீயா என்று கேட்பதும் யார் வீட்டில் இருக்கப் போகிறீர்கள் என்று கேட்பதும் ஒன்றல்ல. இரண்டாவது வகைக் கேள்விக்கு நாங்கள் பின்பற்றிய முறை ஸ்காட்லாந்தின் ஸ்டிர்லிங் பல்கலைக்கழகத்தில் உருவான டாக்கிங் மேட்ஸ் என்பதைத் தழுவியது. விலைக்கு வரும் பயிற்சியும் பொருளும் உண்டு என்றாலும் அதன் சாரத்தை வீட்டிலேயே செய்யலாம். ஒரு பெரிய அட்டையில் மேலே மூன்று முகம்: பிடிக்கும், பரவாயில்லை, பிடிக்காது. கேட்க வேண்டிய ஒவ்வொன்றையும் தனித்தனிப் படமாகக் கையில் கொடுக்க வேண்டும். தம்பி வீட்டு மாடிப்படி, அங்கே அவர் படுக்கப் போகும் அறை, நம் வீட்டுத் திண்ணை, வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளும் ஆள், முதியோர் இல்லம், கோவில் தெரு. ஒவ்வொன்றையும் அவர் ஒரு முகத்தின் கீழ் வைப்பார். முடிந்ததும் அட்டையைத் தேதி தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள்.

அதே கேள்வியை இரண்டு மூன்று நாள் இடைவெளியில் படங்களின் வரிசையை மாற்றி இன்னொருவர் கேட்கட்டும். பதில் ஒன்றாக வந்தால் அது அவர் விருப்பம். மாறினால் இன்னும் முடிவு செய்யவில்லை என்றுதான் பொருள், புரியவில்லை என்று பொருளல்ல. நமக்கும் ஒவ்வொரு நாளும் ஒரே எண்ணமா இருக்கிறது?

ஒரு கண்டிப்பான விதி. அந்த முடிவால் லாபம் அடைபவர் கேள்வி கேட்கக் கூடாது, பதிலுக்கு விளக்கம் சொல்லவும் கூடாது. வீட்டை எழுதி வாங்கப் போகிற மகனே "அம்மா சரின்னு சொல்லிட்டாங்க" என்றால் அது செல்லாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. ஆதரவு தருபவருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் ஒரு சொத்து, பண விஷயத்தில் நலன் முரண்பட்டால், ஆதரவு தருபவர் அந்த விஷயத்திலிருந்து விலகி நிற்க வேண்டும். எங்களுக்குப் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற டீச்சரம்மா உதவினார். உங்களுக்கும் அப்படி ஒருவர் இருப்பார்.

மறதி நோய் உள்ளவர் என்றால் எதிர்காலத்தைக் கேட்காதீர்கள். "அடுத்த மாசம் எங்க இருக்கணும்?" என்பது அவர் பிடிக்குள் வராது. அந்த அறைக்கே கூட்டிப் போய் உட்கார வைத்து முகத்தைப் பாருங்கள். இரண்டு புடவையைக் கையில் கொடுத்து எதை இழுக்கிறார் என்று பாருங்கள். நோய் தொடக்க நிலையில் இருக்கும்போதே கேட்டு எழுதி வைக்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. எட்டாவது, பத்தாவது பகுதிகளை மறதி நோய் உள்ளவரின் வீட்டார் மட்டும் முதலில் படிப்பது நல்லது.

6. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை

அஃபேசியா ஊனமாகக் கணக்கில் வருமா என்று பலருக்குத் தெரியாது. வரும். 2016 சட்டத்தின் அட்டவணையில் பேச்சு, மொழிக் குறைபாடு என்ற தலைப்பில் அஃபேசியா என்ற பெயரே இருக்கிறது. ஆனால் கவுண்டரில் கை காலை மட்டும் பார்த்துச் சதவீதம் போட்டு அனுப்பிவிடுவார்கள். "பேச்சுக் குறைபாட்டையும் மதிப்பிட வேண்டும்" என்று விண்ணப்பத்திலேயே குறிப்பிட்டு, ஸ்பீச் தெரபிஸ்ட் அறிக்கையை இணையுங்கள். இரண்டும் சேர்த்துக் கணக்கிட்டால் சதவீதம் கூடும். 40 சதவீதம் என்பது பெரும்பாலான சலுகைகளுக்கு எல்லைக்கோடு.

எப்போது: பக்கவாதத்தில் நிலை ஒரு நிதானத்துக்கு வந்த பிறகுதான் நிரந்தரச் சான்று தருவார்கள், பொதுவாக ஆறு மாதம் கழித்து. அதற்கு முன் அலைந்து பயனில்லை.

எப்படி: யூடிஐடி (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை) இணையதளத்தில் விண்ணப்பம். இ-சேவை மையத்திலும் செய்து தருவார்கள். ஆதார், முகவரிச் சான்று, புகைப்படம், கைரேகை, டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் அறிக்கை, காது பரிசோதனை, ஸ்பீச் தெரபிஸ்ட் அறிக்கை ஆகியவை வேண்டும். அட்டைக்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இடைத்தரகர்கள் ஆஸ்பத்திரி வாசலிலேயே நிற்பார்கள், ஒதுங்கிப் போங்கள். மருத்துவக் குழு வாரத்தில் குறிப்பிட்ட நாளில்தான் உட்காரும். எந்தக் கிழமை, அன்றைக்குக் காது மூக்கு தொண்டை டாக்டர் இருப்பாரா என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் போனில் கேட்டுவிட்டு வண்டி ஏற்பாடு செய்யுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு முறை தூக்கிப் போவது கொடுமை.

7. வங்கியும் ஓய்வூதியமும்

எங்களை அதிகம் அழவைத்த இடம் இது. ஒரு வங்கிக் கிளையில் "கையெழுத்துப் போட முடியலைன்னா கோர்ட்ல கார்டியன் ஆர்டர் வாங்கிட்டு வாங்க" என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிட்டார்கள். அம்மா பணம், அம்மா மருந்துக்கே எடுக்க முடியவில்லை.

ரிசர்வ் வங்கியின் விதி அப்படிச் சொல்லவில்லை. முதியவர், நோயாளி, இயலாதவர் கணக்குகளுக்கு என்றே தனி நடைமுறை உண்டு. கையெழுத்துப் போட முடியாதவர் செக்கிலோ பணம் எடுக்கும் படிவத்திலோ கைரேகை அல்லது கால் விரல் ரேகை வைக்கலாம். வங்கிக்குத் தெரிந்த, தொடர்பில்லாத இரண்டு சாட்சிகள் அதை அடையாளம் காட்ட வேண்டும். அவர்களில் ஒருவர் வங்கியின் பொறுப்பான அதிகாரியாக இருக்க வேண்டும். ரேகையும் வைக்க முடியாதவர் ஏதாவது ஒரு குறி இட்டாலும் போதும், சாட்சி முறை அதேதான். பணத்தை யார் வாங்கப் போகிறார் என்பதையும் அவரே காட்ட வேண்டும், அந்த ஆளையும் இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்ட வேண்டும். பிள்ளைகளின் முகங்கள் உள்ள பலகைப் பக்கத்தை எடுத்துப் போங்கள். எங்கள் அம்மா அதிகாரியின் கண் முன்னால் படத்தைத் தொட்டுக் காட்டியதும் அவருக்கும் சந்தேகம் தீர்ந்தது.

70 வயது தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே வந்து அடிப்படைச் சேவை தர வேண்டும் என்று 2017 நவம்பரில் ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் சொல்லியிருக்கிறது. கட்டணம் வங்கிக்கு வங்கி மாறும். எதையும் வாயால் கேட்காமல் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். முப்பது நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் செய்யலாம். உதவி எண் 14448. எங்கள் விஷயத்தில் விதியை மேற்கோள் காட்டி எழுதிக் கொடுத்த கடிதமே வேலையை முடித்தது.

அம்மாவோ அப்பாவோ இப்போது பேசிக்கொண்டுதான் இருக்கிறார் என்றால், இந்த வாரமே கணக்கை "இருவரில் ஒருவர் அல்லது உயிரோடு இருப்பவர்" என்ற வகைக்கு மாற்றச் சொல்லுங்கள், அவர் நம்பும் ஆளோடு, அவர் சம்மதத்தோடு. பின்னால் வரும் பாதித் தொல்லை இருக்காது. ஏடிஎம் கார்டையும் ரகசிய எண்ணையும் வாங்கி வைத்துக்கொண்டு ஓட்டுவது பலர் செய்வதுதான். உடன்பிறந்தவர்களுக்குள் கேள்வி வரும் நாளில் அதற்கு எந்தக் கணக்கும் காட்ட முடியாது.

ஓய்வூதியருக்கு உயிர்வாழ் சான்று வருடாவருடம் வேண்டும். மத்திய அரசு ஓய்வூதியருக்கு நவம்பர், 80 வயது தாண்டியவருக்கு அக்டோபர் முதலே கொடுக்கலாம். மாநில அரசு ஓய்வூதியருக்கு நேர்காணல் மாதம் ஆளுக்கு ஆள் வேறு, கருவூலத்தில் கேட்டுக் காலண்டரில் குறியுங்கள். தபால்காரரே வீட்டுக்கு வந்து 70 ரூபாய்க்கு டிஜிட்டல் சான்று எடுத்துத் தருவார். விரல் ரேகை தேய்ந்திருந்தால் முகத்தை வைத்துச் சரிபார்க்கும் செயலி இருக்கிறது. அதில் கண் சிமிட்டச் சொல்லும், முதல் நாளே பழக்கிவிடுங்கள்.

8. பவர், உயில், காப்பாளர்

பவர் ஆஃப் அட்டர்னி எழுதினால் எல்லாம் தீரும் என்று பத்திர எழுத்தர்கள் சொல்வார்கள். எழுதும் நேரத்தில் அவருக்குப் புரிதல் இருந்தால்தான் அது செல்லும். பின்னால் புரிதல் போனால் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவுப்படி பவரும் காலாவதி. மறதி நோய்க்கு இதை நம்பி இருக்கவே முடியாது.

உயில் விஷயத்தில் சட்டம் தாராளமாக இருக்கிறது. வாய் பேச முடியாதவர், காது கேளாதவர், பார்வையற்றவர் யாரானாலும் தான் செய்வது என்ன என்று தெரிந்தால் உயில் எழுதலாம் என்று 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 59ஆம் பிரிவே சொல்கிறது. கையெழுத்துக்குப் பதில் குறி வைக்கலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும், அவர்கள் உயிலால் பயன் பெறாதவர்களாக இருக்கட்டும். முத்திரைத் தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. ஆனாலும் பேச்சில்லாதவர் உயிலைப் பதிவு செய்துவிடுங்கள். பதிவுச் சட்டத்தின் 38ஆம் பிரிவுப்படி, உடல் நலிவால் வர முடியாதவர் அலுவலகத்துக்கு வரத் தேவையில்லை, சார்பதிவாளரை வீட்டுக்கு வரச் சொல்லி விண்ணப்பிக்கலாம். அன்றைக்கு இரண்டு ஆவணம் தயாராக இருக்க வேண்டும்: புரிதல் இருக்கிறது என்ற டாக்டர் சான்று (அதே வாரத் தேதியில்), ஸ்பீச் தெரபிஸ்ட் அறிக்கை. படங்களை வைத்து இந்தச் சொத்து இவருக்கு என்று அவர் காட்டுவதை வெட்டாமல் வீடியோ எடுங்கள். லாபம் பெறுபவர்கள் அறைக்கு வெளியே இருக்கட்டும்.

காப்பாளர் (கார்டியன்) நியமனம் கடைசி வழி. 2016 சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்வது வரையறுக்கப்பட்ட காப்பாளரைத்தான். குறிப்பிட்ட விஷயத்துக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும், மாற்றுத்திறனாளியோடு கலந்து, அவர் விருப்பப்படி முடிவெடுப்பவர்தான் இந்தக் காப்பாளர். வக்கீல் முழு அதிகாரம் கேட்டு மனு போடலாம் என்றால், ஏன் வரையறுக்கப்பட்ட காப்பாளர் போதாது என்று கேளுங்கள். வக்கீல் கட்டணமே பெரிய செலவு, மாதக் கணக்கில் ஆகும். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மாற்றுத்திறனாளிகளுக்கு இலவச வக்கீல் கிடைக்கும். சொத்துக்காக மிரட்டல், பூட்டி வைப்பது போன்றவை நடந்தால் முதியோர் உதவி எண் 14567.

9. ஓட்டு

85 வயது தாண்டியவர்களும் 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனம் உள்ளவர்களும் வீட்டிலிருந்தே தபால் ஓட்டுப் போடலாம். 12டி படிவத்தைத் தேர்தல் அறிவிக்கை வந்து ஐந்து நாளுக்குள் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் கொடுத்துவிட வேண்டும். தவறவிட்டால் வாக்குச்சாவடிக்குத்தான் போக வேண்டும். அங்கே உடல் நலிவுற்றவர் 18 வயது நிறைந்த ஒரு துணையைக் கூட்டிச் செல்லலாம். சின்னங்களை முன்னாலேயே படமாகக் காட்டிப் பழக்குங்கள், எதைத் தொட்டார் என்று வெளியே சொல்லாதீர்கள்.

10. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது

மூச்சுவிடக் குழாய் போட வேண்டுமா, வென்டிலேட்டர் வேண்டுமா என்பதை நெருக்கடி நேரத்தில் யாராலும் கேட்க முடியாது. நல்லபடியாக இருக்கும்போது ஐந்தாவது பகுதியில் சொன்ன மாதிரி, ஸ்பீச் தெரபிஸ்ட் துணையோடு கேளுங்கள். எங்கள் அம்மா குழாய்ப் படத்தைப் "பிடிக்காது" முகத்தின் கீழ் வைத்தார். வீட்டில் இருப்பதைப் பிடிக்கும் பக்கம் வைத்தார். இதை முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணமாக எழுதலாம். 2018இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளும் நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி ஒருவரின் சான்றும் போதும் என்றது. நோட்டரியிடம் சில நூறு ரூபாயில் முடியும். நகலைக் குடும்ப டாக்டரிடம் கொடுங்கள்.

கடைசியாக, ஒரே ஒரு தாள் தயார் செய்து மருத்துவ ஃபைலின் முதல் பக்கத்தில் ஒட்டுங்கள், கட்டில் தலைமாட்டில் ஒட்ட இன்னொன்று. பெரிய எழுத்தில் இப்படி: "எனக்குப் பேச்சு வராது. நீங்கள் சொல்வது புரியும். இடது காதில் நன்றாகக் கேட்கும். கண்ணாடி போட்ட பிறகு கேளுங்கள். கட்டை விரல் மேலே என்றால் ஆமாம். பதிலுக்குப் பத்து நொடி காத்திருங்கள். என் படப் பலகை தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது." நர்ஸ் மாறும் ஒவ்வொரு ஷிப்டிலும் இதைக் காட்டிச் சொல்லுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் நம்மை உள்ளே விடாத நேரத்தில் இந்தத் தாளும் பலகையும் மட்டும்தான் அவரோடு இருக்கும், எனவே இரண்டுக்கும் ஒரு நகல் எப்போதும் வீட்டில் வைத்திருங்கள்.